அரைக் கிலோ ஈயம்

ஏப்ரல் 9, செவ்வாய்

மலைக்கு வந்து சேர்ந்தேன். கிளப் கொடுத்த அறையில் போன வருடத்து ஈரம் அப்படியே இருக்கிறது. ஹீட்டர் வேலை செய்யவில்லை. வெந்நீர் கேட்டால் சமையல்காரர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். இந்த ஊரில் எனக்குப் பிடித்தவர் யாரும் இல்லை. என்னைப் பிடித்தவரும் இல்லை. ஹேண்டிகேப்பர் வேலைக்கு அது ஒரு தகுதி.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் என்ன உத்தியோகம் என்று கேட்டார். பந்தயக் குதிரைக்கு எடை போடுகிறேன் என்றேன். “வித்துடறதுக்கா?” என்றார். பொறுமையாக விளக்கினேன். நல்ல குதிரையும் நோஞ்சான் குதிரையும் ஒன்றாக ஓடினால் எது ஜெயிக்கும் என்று குழந்தைக்கும் தெரியும். பிறகு எவன் பந்தயம் கட்டுவான்? அதனால் ஒவ்வொரு குதிரைக்கும் நான் ஒரு ரேட்டிங் எண் கொடுக்கிறேன். எண் கூடக்கூட முதுகில் சுமை கூடும், ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ. ஜாக்கியும் சேணமும் சேர்ந்தும் எடை போதவில்லை என்றால் சேணத்துப் பையில் ஈயத் தகடு செருகுவார்கள். ஜெயித்தால் எண்ணை ஏற்றுவேன், தோற்றால் இறக்குவேன்.

“அப்ப வேணும்னே நாலு தடவ தோத்துட்டா சுமை கொறஞ்சிடுமே?” என்றார்.

ஐந்து நிமிடத்தில் ஒரு வெளியாளுக்குப் புரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக என் தலைவலியே அதுதான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை முதல் நாள். சீசன் தொடக்கம். சமையல்காரர் பாயசம் என்று எதையோ கொடுத்தார். குடித்துத் தொலைத்தேன்.

நாலாவது பந்தயத்தில் கப்பல்காரி என்ற பெண் குதிரை ஓடியது. ஏழு வயது, ரேட்டிங் 63, சுமை 61 கிலோ. ஆறாவது வந்தது. வந்தது என்று எழுதுகிறேன், வரவைத்த மாதிரிதான் எனக்குப் பட்டது. டிரெய்னர் தேசிங்கு.

தேசிங்கு என் உடன்பிறந்த தம்பி. அப்பா குதிரைக்கு லாடம் அடிப்பவர். எனக்குத் தன் அப்பாவின் பெயரான ஏகாம்பரத்தை வைத்துவிட்டு, அவனுக்குக் குதிரை ஏறிய ராஜாவின் பெயரை வைத்தார். பாரபட்சம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. எட்டு வருடமாக அவனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

ரேட்டிங் திருத்தினேன். ஞாயிற்றுக்கிழமை தோற்ற குதிரைகளுக்கெல்லாம் இரண்டு மூன்று புள்ளி இறக்கினேன். கப்பல்காரிக்கு மாற்றம் இல்லை, 63.

சாயங்காலம் என் மனைவி பூங்கோதை போன் செய்தாள். மாத்திரை, ஸ்வெட்டர் எல்லாம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

“தேசிங்கு சம்சாரம் பேசுச்சுங்க. ஓனருங்க எல்லாரும் குதிரைய வேற லாயத்துக்கு மாத்திட்டாங்களாம். இது ஒண்ணுதான் மிச்சமாம். இந்த சீசன்ல ஒரு ரேஸாவது ஜெயிக்கலைன்னா லைசன்ஸ் புதுப்பிக்க மாட்டாங்களாமே?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சதாலதான் ஜாக்கிரதையா இருக்கேன். தம்பின்னு ரெண்டு புள்ளி இறக்கிட்டான்னு ஒருத்தன் வாயத் திறக்கக் கூடாது.”

“யாரும் அப்படிச் சொல்லலைங்க. நீங்கதான் சொல்லிட்டிருக்கீங்க.”

அவளுக்குக் குதிரையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

ஏப்ரல் 21, ஞாயிறு

மழை. மூன்று ஜோடி சாக்ஸும் காயவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

கப்பல்காரி இரண்டாம் முறை ஓடியது. பதினோரு குதிரையில் பத்தாவது.

ஓட்டம் முழுக்க பைனாகுலரில் ஜாக்கியின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரையைப் பிடித்து நிறுத்துகிறவன் கை எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும்: லகான் இறுகும், முழங்கை விலாவோடு ஒட்டும். இன்று அப்படி ஒன்றும் இல்லை. கடைசி முந்நூறு மீட்டரும் கெஞ்சிக் கெஞ்சி ஓட்டினான். அவ்வளவு ஒழுங்காக இருந்ததுதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுக்கிறது. தேசிங்கு வேலையைச் சுத்தமாகச் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டான்.

ஏப்ரல் 30, செவ்வாய்

பத்தாவது வந்த குதிரைக்கு நாலு புள்ளி இறக்குவது வழக்கம். ஒன்று இறக்கினேன். 62.

பட்டியல் ஒட்டிய அரை மணி நேரத்தில் தேசிங்கு ஆபீஸ் வாசலில் நின்றான். எட்டு வருடத்தில் தலை முக்கால்வாசி நரைத்திருக்கிறது. கம்பளிச் சட்டையில் குதிரை மூத்திர வாடை. கிளார்க் போஜன் எழுந்து வெளியே போகப் பார்த்தார். உட்காரச் சொன்னேன், சாட்சி வேண்டும்.

“ணா, ஒரு நிமிஷம் நான் சொல்றத கேளு. அது நெஜமாவே ஓடல. பின்னங்கால்ல வலி இருக்கு. வயசாயிடுச்சு. ஒரு அஞ்சு புள்ளி இறக்குனியின்னா அதுக்கும் மூச்சு விட எடம் கெடைக்கும்.”

“எதுவா இருந்தாலும் மனுவா எழுதிக் கொடுங்க, மிஸ்டர் தேசிங்கு.”

“இன்னாணா மிஸ்டர் கிஸ்டர்னு? நீயே லாயத்துக்கு வந்து கால தொட்டுப் பாரு.”

“எட்டு வருஷத்துக்கு முன்னாடியும் ஒரு குதிரைக்குக் கால் வலின்னு சொன்னீங்க.”

அவன் முகம் அப்படியே தொங்கிவிட்டது. “சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். போஜன் தலையைத் தூக்காமல் டைப் அடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மே 4, சனி

டீக்கடையில் ரேஸ் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு இரண்டு பேர் பேசினார்கள். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் அவர்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

“கப்பல்காரிய தொடாத. தோத்துனே கீது, சுமை மட்டும் எறங்கவே மாட்டேங்குது.”

“எடை போடுறவன் அவுனுக்கு அண்ணன்தான?”

“அதான் சொல்றேன். சொந்தத் தம்பிக்கே இப்பிடிப் போடுறான்னா பாத்துக்க.”

சொந்தத் தம்பிக்கே! என் நேர்மை டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. அவர்கள் ஏன் காறித் துப்பினார்கள் என்று தெரியவில்லை, இந்த ஊர் டீ அப்படி.

மே 12, ஞாயிறு

விடாத மழை. கப்பல்காரி அறுபதரைக் கிலோவோடு ஒன்பதாவது. ஜெயித்த குதிரைக்குப் பதினோரு லெங்த் பின்னால் வந்தது. லெங்த் என்றால் ஒரு குதிரையின் உடல் நீளம். பதினொன்று என்பது கண்ணுக்கு எட்டாத தூரம்.

தேசிங்கு வேலிக்கு வெளியே சேற்றில் கடைசி இருநூறு மீட்டரும் கூடவே ஓடிக்கொண்டிருந்தான். ஐம்பத்திரண்டு வயதில் என்ன நாடகம் இது!

மே 14, செவ்வாய்

கப்பல்காரி, மாற்றம் இல்லை, 62.

மே 15, புதன்

போஜன் ஒரு கடிதம் கொண்டுவந்தார். தேசிங்கு மேல்முறையீடு செய்திருக்கிறான். மூன்று தோல்விக்கு மற்ற குதிரைகளுக்குச் சராசரியாக எட்டுப் புள்ளி இறங்கியிருக்கும்போது இந்தக் குதிரைக்கு ஒரே ஒரு புள்ளி மட்டும் ஏன் என்று கிளப் கமிட்டி எழுத்தில் விளக்கம் கேட்கிறது. ஐந்து நாள் அவகாசம். இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் விளக்கம் கேட்பது இது இரண்டாவது முறை. இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள்தான்.

மே 17, வெள்ளி

விளக்கத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

“சந்தேகத்தின் பேரில்” என்று எழுதினால் என்ன சந்தேகம் என்று கேட்பார்கள். ஜாக்கியின் கையில் தவறு இல்லை என்று நானே இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மேல்முறையீட்டோடு அவன் இணைத்த குதிரை டாக்டர் சான்றிதழில் பின்னங்கால் வீக்கம் என்று இருக்கிறது. எழுதுவதற்கு மிச்சம் இருப்பது எட்டு வருடத்துக்கு முன்னால் நடந்ததுதான். அதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

அப்போது அவனிடம் ஒரு குதிரை தொடர்ந்து நாலு முறை தோற்றது. கால் வலி என்றான். தம்பி சொல்கிறானே என்று நம்பி மொத்தம் பதினாலு புள்ளி இறக்கினேன், ஏழு கிலோ. ஐந்தாவது முறை அது ஏழு லெங்த் முன்னால் வந்து ஜெயித்தது. மைதானமே என் பக்கம் திரும்பிச் சிரித்தது. அண்ணனும் தம்பியும் பேசி வைத்துச் செய்தார்களா என்று விசாரணை வைத்தார்கள். எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டார்கள். “எங்க அண்ணனுக்கு எதுவும் தெரியாது” என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தான் செய்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம். எனக்கு ஒரு சீசன் வேலை இல்லை. அந்தச் சீசனில்தான் அப்பா போய்ச் சேர்ந்தார். என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போனாரோ தெரியாது. சுடுகாட்டில் அவன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்றோம்.

இதையெல்லாம் கமிட்டிக்கு எழுத முடியாது.

மே 19, ஞாயிறு

சர்க்கரைக்கு நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். எப்படியோ பயிற்சித் தடத்தின் பக்கம் வந்துவிட்டேன். சட்டைப் பையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது.

பனி மூட்டத்தில் கப்பல்காரி தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அறுநூறு மீட்டருக்கு நாற்பத்திரண்டு வினாடி. ஊரில் பால் வண்டி இழுக்கிற குதிரைகூட இதைவிட வேகமாக ஓடும். ஓடி முடித்ததும் பின்னங்காலைத் தரையில் வைக்காமல் தூக்கித் தூக்கி நின்றது. தேசிங்கு ஒரு வாளித் தண்ணீரோடு சேற்றில் மண்டி போட்டு உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் அனுப்பிவிட்டானாம், எல்லாம் அவனே செய்கிறான். காலை அழுத்தித் தேய்த்துக்கொண்டே அதனிடம் என்னவோ பேசினான். அப்பாவும் இப்படித்தான் லாடம் அடிக்கும்போது பேசுவார்.

ஒரு மணி நேரம் நடந்தேன் என்று டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

மே 20, திங்கள்

ஜூன் 2 அன்று சீசனின் கடைசிப் பந்தயம். அதில் கப்பல்காரியின் பெயர் இருக்கிறது. விளக்கத்துக்குப் பதிலாக, கடைசி மூன்று ஓட்டங்களை மட்டும் வைத்து அதில் ஓடும் ஒன்பது குதிரைகளுக்கும் புதிதாகக் கணக்குப் போடுகிறேன் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். ஒப்புக்கொண்டார்கள்.

மே 21, செவ்வாய்

ஒன்பது குதிரையின் விவரத்தையும் பெயர் இல்லாமல் அ, ஆ, இ என்று மட்டும் போட்டு டைப் அடித்துத் தரச் சொன்னேன். போஜன் ஆச்சரியப்பட்டார். சுமந்த எடை, தோற்ற தூரம், தரையின் ஈரம் மட்டும்தான் தாளில் இருந்தன. பார்த்தவுடன் ‘உ’ யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரியே போட்டேன்.

‘உ’-வுக்கு 54 வந்தது. ஐம்பத்தாறரைக் கிலோ.

மறுபடி போட்டேன், 54. தலைகீழாகப் போட்டேன், 54. டீ குடித்துவிட்டு வந்து போட்டேன். அப்போதும் 54.

54 என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 55 என்று எழுதினேன். ஒரு புள்ளிதான். 62-இல் இருந்ததை 55 ஆக்கியிருக்கிறேன், இதற்கு மேல் எவன் செய்வான்? அரைக் கிலோ என்பது ஒரு சர்க்கரைப் பொட்டலம். சுத்தமாகப் பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். கணக்குத் தாள் மேஜை டிராயரில் இருக்கிறது.

மே 24, வெள்ளி

பூங்கோதை போன். “ஏழு புள்ளி இறக்கிட்டீங்களாமே! தேசிங்கு சம்சாரம் அழுதுகிட்டே சொல்லுச்சு. உங்க மனசு எனக்குத் தெரியாதாங்க?” என்றாள். தொண்டை சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 2, ஞாயிறு

வெயில் அடித்தது. தரை நன்றாகக் காய்ந்திருந்தது. கப்பல்காரி பின்னங்கால் வீக்கம் வடிந்து, ஐம்பத்தேழு கிலோவோடு களத்துக்கு வந்தது. கூட்டத்தில் அதன் மேல் பணம் கட்டியவர்கள் குறைவு.

ஆயிரத்து நானூறு மீட்டர். வளைவு வரை அது ஏழாவதாகத்தான் வந்தது. கடைசி நானூறில் வெளிப்பக்கமாக நகர்ந்து ஒவ்வொன்றாகத் தாண்ட ஆரம்பித்தது. நூறு மீட்டர் இருக்கும்போது நான் கத்திக்கொண்டிருந்தேன். நான் எந்தக் குதிரைக்கும் கத்தியதில்லை, அது என் வேலைக்கு அழகில்லை. “வா! வா!” என்று கத்தினேன். கப்பல்காரியும் பிளாக்போர்டு என்ற இன்னொரு குதிரையும் தலையோடு தலையாகக் கோட்டைத் தாண்டின.

போட்டோ பார்க்கப் பத்து நிமிடம் ஆயிற்று. முடிவுப் பலகையில் பிளாக்போர்டு குதிரையின் எண் மேலே ஏறியது. கப்பல்காரி மூக்கு நுனி அளவில் தோற்றிருந்தது.

ஒன்பதில் எட்டுக் குதிரைகள் மூன்று லெங்த்துக்குள் வந்துவிட்டன. கமிட்டித் தலைவர் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, தன் வாழ்நாளில் இப்படிப்பட்ட ஹேண்டிகேப்பைப் பார்த்ததில்லை என்றார். கை தட்டினார்கள்.

அரைக் கிலோ என்பது இந்தத் தூரத்தில் கழுத்தளவு வித்தியாசம். மூக்கு என்பது அதில் கால்வாசிகூட இல்லை.

ஜூன் 3, திங்கள்

காலையில் தேசிங்கு அறைக்கு வந்தான். சண்டைக்கு வருகிறான் என்றுதான் கதவைத் திறந்தேன். அவனிடம் சொல்வதற்கு எட்டு வருடமாகச் சேர்த்துவைத்த வசவு எல்லாம் தயாராக இருந்தது.

அவன் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தான். வரும் சனிக்கிழமைக்குள் லாயத்தைக் காலி செய்ய வேண்டும். கப்பல்காரியை ஒரு சவாரிப் பள்ளிக்கூடத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். அவனுக்கு மச்சான் கடையில் வேலை.

“ஆனா ஒண்ணு சொல்லணும்ணா. நீ எம்மேல காண்டுலதான் சுமைய ஏத்தி வெச்சிருக்கன்னு ஊரெல்லாம் சொல்லினு திரிஞ்சேன். நேத்து பாத்தேன். எட்டு குதிரை ஒண்ணா வருது! பழுதில்லாத கணக்கு. அதுக்கு மேல என் அதிர்ஷ்டம் அவ்ளோதான். அன்னிக்கு விசாரணையில வாயத் தொறக்காம இருந்ததுக்கு என்ன மன்னிச்சிடுணா. பயந்துட்டேன்.”

நான் எட்டு வருடமாகக் காத்திருந்த வார்த்தை அது. வந்தபோது எனக்கு அதை வாங்கி வைக்க இடம் இல்லை. காபி கொடுத்தேன். அவன் சட்டையில் கொஞ்சம் சிந்திவிட்டேன்.

போகும்போது கேட்டான்: “அந்தக் கணக்குத் தாள எனக்குக் குடுணா. கண்ணாடி போட்டு வீட்ல மாட்டுறேன்.”

நாளன்றைக்குத் தருகிறேன் என்றேன்.

ஜூன் 4, செவ்வாய்

டிராயரில் இருக்கிற தாளில் 54 அடித்து 55 என்று எழுதியிருப்பது பட்டப்பகல் மாதிரி தெரிகிறது. அதைக் கொடுக்க முடியாது. புதுத் தாளில் எழுத உட்கார்ந்தேன். எப்படிப் போட்டாலும் 54-தான் வருகிறது. மே 12 ஓட்டத்தில் பதினோரு லெங்த் என்பதை ஒன்பது ஆக்கினால் 55-இல் வந்து நிற்கிறது. அப்படியே எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் அழகு.

ஜூன் 5, புதன்

லாயத்தில் தேசிங்கு சேணங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தாளை இரண்டு கையாலும் வாங்கினான். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். கப்பல்காரியின் வரியில் விரல் நின்றது.

“ஒன்பது லெங்த்துனு போட்டிருக்க? பதினொண்ணுணா. மழை. நான் கூடவே ஓடினேனே.”

தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை.

“பதினொண்ணுன்னு போட்டா எவ்ளோ வரும்?”

பொய் சொல்ல வாய் திறந்தேன். “அம்பத்தி நாலு” என்று வந்தது.

அவன் குதிரைகளோடு வளர்ந்தவன். ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ, அரைக் கிலோவுக்குக் கழுத்து, கழுத்துக்கு மூக்கு என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கணக்குப் போட்டு முடிக்கிற வரைக்கும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கத்துவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தான். திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து சாக்கைக் கட்ட ஆரம்பித்தான்.

“மழை வர்றதுக்குள்ள கெளம்புங்க, சார்” என்றான்.

எட்டு வருடம் பேசாமல் இருந்தபோதுகூட அவன் எனக்குத் தம்பியாகத்தான் இருந்தான்.